யார்டில் மாற்றம் கொண்டுவர வேண்டியவனுக்குக் கிரேக்கப் புராணம் கைகொடுக்குமா?

கேள்வி: மணலி யார்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வந்துபோகும் கன்டெய்னர்களைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காகச் சேர்ந்தவன், சென்ற தை மாதம் முதல் ஷிப்டுப் பொறுப்பாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள். சிலர் இன்னமும் "வாடா, போடா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வாயிலில் கையால் எழுதும் ரிஜிஸ்டரை நிறுத்திவிட்டு, டேப்பில் (டேப்லெட் கணினியில்) படம் பிடித்துக் கன்டெய்னர் எண்ணைப் பதிவுசெய்யும் முறைக்கு மாற எங்கள் நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ஆறு டேப்கள் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் என் அறையில் பூட்டிய பீரோவில் இருக்கின்றன. மாத முடிவுவரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்பது எனக்கு இடப்பட்டிருக்கும் உத்தரவு. ஆனால் பெட்டி வந்து இறங்கியதை டிரெய்லர் ஓட்டுநர்கள்வரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். டீக்கடைக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒருவர் சொல்ல, மறுநாள் அது இருபதாகிவிட்டது.

இதற்கிடையே, என்னைப் போன்ற பொறுப்பாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வந்த பயிற்றுநர் கிரேக்கப் புராணக் கதைகளைக் கொண்டே தலைமைப் பண்பையும் மாற்றத்தை நடத்தும் முறையையும் விளக்கினார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மாலையில் பஸ் ஏறி எர்ணாவூர் வருவதற்குள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மெழுகுச் சிறகு கட்டிக்கொண்ட இக்காரஸ் சூரியனுக்கு அருகில் பறந்து கடலில் விழுந்தான், ஆகவே அளவுக்கு மீறி ஆசைப்படாதீர்கள் என்றார். எனக்குப் பறக்கும் ஆசையே இல்லை. ரிஜிஸ்டரை மூட வேண்டும், டேப்பைத் திறக்க வேண்டும், அதற்குப் பிறகும் அந்த டீக்கடையில் நின்று டீ குடிக்க முடிய வேண்டும்.

என் நிலைமைக்குப் பொருந்தும் கதை அந்தப் புராணங்களில் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால், படித்தவர்கள் தயவுசெய்து கதையை முழுவதுமாகச் சொல்லுங்கள். நீதி மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கிறது.

பதில்: பழைய வண்ணை வாசகர்

தம்பி, முதலில் அந்த இக்காரஸைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பயிற்றுநர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். சிறகைச் செய்த தகப்பன் டேடலஸ் மகனுக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொன்னான்: மிக உயரப் பறந்தால் வெயிலில் மெழுகு உருகும், மிகத் தாழப் பறந்தால் கடலின் ஈரம் ஏறிச் சிறகு கனத்துப்போகும். தாழப் பறப்பதன் ஆபத்தைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை. பேசினால், கூலி கொடுத்து அவரை அழைத்து வந்தவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். போகட்டும், அது உங்களுக்கான கதை இல்லை.

உங்களுக்கான கதை கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் பத்தாம் காண்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. டிராய்ப் போர் முடிந்து, பன்னிரண்டு கப்பல்களோடு தன் ஊரான இத்தாக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒடிசியஸ், வழியில் காற்றுகளின் காவலனான ஏயோலஸின் தீவை அடைகிறான். ஒரு மாதம் விருந்து நடக்கிறது. புறப்படும் நாளில் ஏயோலஸ் ஒரு மாட்டுத்தோல் பையில், எதிர்க்காற்று, புயற்காற்று அத்தனையையும் அடைத்து, சிறு மூச்சுகூட வெளியே கசியாதபடி பளபளக்கும் வெள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கப்பலின் அடித்தட்டில் வைத்துக் கொடுக்கிறான். மேலைக்காற்று ஒன்றை மட்டும் ஊரை நோக்கி வீசும்படி வெளியே விட்டுவைக்கிறான். இதைவிடப் பெரிய உதவியை யாரும் யாருக்கும் செய்துவிட முடியாது.

ஒன்பது பகல், ஒன்பது இரவு பயணம். பத்தாம் நாள் சொந்த மண் கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் ஆட்கள் தீ மூட்டி நிற்பதைக்கூடப் பார்க்க முடிகிற தூரம். அந்த நேரத்தில் ஒடிசியஸ் தூங்கிவிடுகிறான். மாலுமிகள் தங்களுக்குள் பேசத் தொடங்குகிறார்கள். "போகிற இடமெல்லாம் இவனுக்குத்தான் மரியாதை, இவனுக்குத்தான் பரிசு, டிராயிலிருந்தும் நிறைய அள்ளி வந்திருக்கிறான், அதே கடலில் அதே துன்பத்தைப் பட்ட நாம் மட்டும் வெறுங்கையோடு வீடு போகிறோம், இந்தப் பையில் எவ்வளவு பொன்னும் வெள்ளியும் இருக்கிறதென்று பார்த்துவிடுவோம்" என்பது அந்தப் பேச்சின் சாரம். கயிற்றை அவிழ்க்கிறார்கள். காற்று அத்தனையும் பாய்ந்து வெளியேறி, கப்பல்களை ஏயோலஸின் தீவுக்கே திருப்பி அடித்துச் செல்கிறது. ஒடிசியஸ் மறுபடியும் கதவைத் தட்டுகிறான். தெய்வங்கள் வெறுத்த ஒருவனுக்கு உதவுவது தன் வேலை இல்லை என்று ஏயோலஸ் விரட்டிவிடுகிறான்.

சிறுவயதில் இதைப் படித்தபோது, பேராசைக்காரக் கூலியாட்கள் காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அதில் ஏழு ஆண்டுகள் தலைமையாசிரியர் அறையிலும் உட்கார்ந்த பிறகு படித்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. பையில் இருப்பது காற்று என்று அந்த மனிதர்களிடம் சொல்லியதாக ஹோமர் ஓரிடத்திலும் பாடவில்லை. ஒன்பது நாள் ஒரே கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களிடம் "இதை அவிழ்த்தால் நாம் எல்லோரும் செத்தோம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை, ஆகவே அவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளிக் கயிறு. வெள்ளியால் கட்டிய பைக்குள் வேறு என்ன இருக்கும்?

உங்கள் பீரோவும் பூட்டும் எனக்கு அந்த வெள்ளிக் கயிற்றைத்தான் நினைவூட்டுகின்றன.

பதில்: காசிமேட்டு மகள்

அண்ணா, பெரியவர் சொன்ன அதே கதையில் இன்னொரு வரி இருக்கிறது. அதை அவர் ஏன் தாண்டிப் போனார் என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஒன்பது நாளும் கப்பற்பாயின் கயிற்றை ஒடிசியஸ் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தானே பிடித்திருந்தான். அதை அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறான். பத்தாம் நாள் அவன் தூங்கியது சோம்பலால் வந்தது இல்லை. ஒன்பது நாள் கண் மூடாதவனின் தூக்கம் அது. கயிற்றை மாற்றி மாற்றிப் பிடிக்க இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், அந்தக் கடைசி மணி நேரத்தில் அவன் விழித்திருப்பான்.

என் அப்பா விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகைச் செலுத்தும் தலைவராக, இருந்தவர். ஜி.பி.எஸ். கருவி படகுக்கு வந்த புதிதில், மீன் விழுகிற இடங்களின் எண்களை ஒரு சிறிய நோட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். படகில் கூட வருகிறவர்களுக்கும் காட்ட மாட்டார். அந்த எண்கள்தான் ஸ்ராங்கின் சொத்து; வெளியே போனால் அடுத்த படகு முந்திக்கொள்ளும் என்பது எல்லா ஸ்ராங்குகளின் பயம். ஒருமுறை கடலுக்குப் போன மூன்றாம் நாள் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து, சுக்கானைப் பிடிக்க முடியாமல் படுத்துவிட்டார். அடுத்த நிலையில் இருந்தவருக்குப் படகு ஓட்டத் தெரியும். ஆனால் எங்கே ஓட்டுவதென்று தெரியாது. நோட்டு இருந்தது, எந்த எண் எந்த இடம் என்ற குறிப்பு அப்பாவின் தலைக்குள் இருந்தது. பாதி ஐஸ் கரைந்து, டீசல் காசுகூடத் தேறாமல் திரும்பி வந்தார்கள். எங்கள் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். ஆகவே அன்று எட்டு வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

அடுத்து வந்த மீன்பிடித் தடைக்காலத்தில், படகு வாரக்கணக்கில் கரையில்தான் நிற்கும், அப்பா அந்த அடுத்த ஆளையும் இன்னொரு பையனையும் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த படகில் தினமும் காலையில் உட்காரவைத்து, கருவியை இயக்கி, நோட்டைப் பக்கம் பக்கமாக விளக்கினார். அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ நகையை அடகு வைக்கப் போகிறவர் போல இருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் கடலில் இரவில் நான்கு மணி நேரம் தூங்கத் தொடங்கினார்.

உங்கள் ஆறு டேப்பையும் யார் யார் முதலில் கையில் பிடிக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டீர்களா? நீங்களே ஆறையும் பிடிக்கப் போவதாக இருந்தால், பத்தாம் நாளைப் பற்றி இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில்: கொருக்குப்பேட்டை

உள்ளூரில் இல்லாத கதையா, எதற்குக் கிரேக்கம் என்று எழுத வந்தேன். மேலே உள்ள இரண்டையும் படித்த பிறகு அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு மறுப்பு உண்டு.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பது மேடையில் சொல்ல அழகாக இருக்கும். அதே ஒடிசியஸ், பன்னிரண்டாம் காண்டத்தில், ஒருபுறம் கப்பலையே விழுங்கும் காரிப்டிஸ் என்ற நீர்ச்சுழலும் மறுபுறம் ஆறு தலையோடு குகையில் பதுங்கியிருக்கும் சில்லா என்ற பூதமும் உள்ள குறுகிய கடல்வழியைக் கடக்கிறான். சுழலில் சிக்கினால் எல்லோரும் போவார்கள், சில்லாவின் பக்கம் ஒதுங்கினால் ஆறு பேரோடு போகும் என்று மாயக்காரி கிர்க்கே முன்னமே சொல்லியிருக்கிறாள். அவன் சில்லாவைப் பற்றித் தன் ஆட்களிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் பயந்து துடுப்பை விட்டுவிட்டுக் கப்பலின் அடியில் போய்ப் பதுங்கிக்கொள்வார்கள், பிறகு கப்பல் நகராது என்பது அவன் கணக்கு. ஆறு பேர் போனார்கள்; மற்றவர்கள் பிழைத்தார்கள். இதில் அவன் செய்தது தவறு என்று சொல்ல முடியுமா? நான் முப்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன்: முதலில் தொழிலாளி, பிறகு மேற்பார்வையாளர். உண்மையைச் சொன்ன நாளிலேயே வேலை நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். மேலிடத்து உத்தரவை மீறி இந்தத் தம்பி வாய் திறந்தால், முதலில் வீட்டுக்குப் போகிறவர் அவராகத்தான் இருப்பார். கதை சொல்கிற நாம் யாரும் அவர் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை.

பதில்: பழைய வண்ணை வாசகர்

கொருக்குப்பேட்டை நண்பரின் மறுப்பை மதிக்கிறேன். வாடகையைப் பற்றி அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. சில்லாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம். (காசிமேட்டு மகளுக்கு: அந்தப் பாய்க்கயிற்றை நான் தாண்டிப் போனது வயதின் மறதி. நன்றி.)

நண்பர் சொன்ன காட்சிக்குச் சற்று முன்னால், அதே காண்டத்தில், சைரன்களின் தீவு வருகிறது. அவர்கள் பாட்டைக் கேட்டவன் வீடு திரும்ப மாட்டான். அங்கே ஒடிசியஸ் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்கிறான். ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இந்தச் செய்தி தெரிந்தால் போதாது, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று தொடங்கியே சொல்கிறான். அவர்கள் காதில் மெழுகை அடைக்கிறான். தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். "நான் அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள்" என்கிறான். தலைவனின் கட்டளையை எப்போது மீற வேண்டும் என்ற அதிகாரத்தைத் தலைவனே கொடுத்துவிட்டான். அப்படியே நடந்தது, அந்தத் தீவை ஓர் உயிர்கூடப் போகாமல் கடந்தார்கள்.

சில்லாவில் சொல்லாமல் கடந்தார்கள். ஆறு பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மேலே தூக்கிச் செல்லப்பட்டதைத்தான், தன் கடற்பயணத்தில் கண்டவற்றிலெல்லாம் கொடிய காட்சி என்று அவனே பின்னால் சொல்கிறான். கணக்கு அதோடு முடியவில்லை. அதற்கு அடுத்து சூரியதேவனின் மாடுகள் மேயும் தீவு வருகிறது. இங்கே இறங்க வேண்டாம், நேராகப் போய்விடுவோம் என்கிறான் ஒடிசியஸ். யூரிலோக்கஸ் என்ற மாலுமி எழுந்து, "உனக்கு உடம்பெல்லாம் இரும்பு, களைத்துப்போனவர்களைக் கரையில் கால் வைக்கக்கூட விடமாட்டேன் என்கிறாய்" என்கிறான். மற்ற எல்லோரும் அவன் பக்கம் சேர்கிறார்கள். இறங்குகிறார்கள், காற்று மாறி ஒரு மாதம் சிக்கிக்கொள்கிறார்கள், உணவு தீர்கிறது, ஒடிசியஸ் மறுபடியும் தூங்கிய நேரத்தில் தடைசெய்யப்பட்ட மாடுகளை அடித்துத் தின்கிறார்கள். பிறகு கப்பல் உடைந்து, அவன் ஒருவன்தான் மிஞ்சுகிறான். மாட்டைத் தொடாதீர்கள் என்று அவன் சொன்னது உண்மைதான். ஆறு பேர் போன பிறகு அவன் சொன்ன உண்மைக்கு விலை இறங்கிப்போயிருந்தது என்று நான் வாசிக்கிறேன். ஹோமர் அப்படி விளக்கம் எழுதவில்லை. இது என் வாசிப்பு.

ஆகவே, தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பீரோவில் இருப்பது காற்றுப் பையா, இல்லை நீங்கள் சில்லாவின் குகைக்கு அடியில் கப்பலைச் செலுத்திக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் திட்டத்தில் அந்த ஆறு பேர் இருக்கிறார்களா, இல்லையா? முதலில் அது உங்களுக்கே தெரியுமா? தெரியாவிட்டால், டீக்கடைக்குப் போவதற்கு முன் மேலாளர் அறைக்குப் போங்கள்.

பதில்: பெரம்பூர் ஓய்வூதியர்

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. பேரனுக்குக் கதை சொல்வதற்காகப் படித்ததில் ஹெர்குலிஸ் கதை மட்டும் மனத்தில் நின்றது. அதில் ஒன்பது தலைப் பாம்பு ஒன்று வருகிறது, ஹைட்ரா என்று பெயர். ஒரு தலையை வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு முளைக்கும். ஹெர்குலிஸ் தனியாக வெட்டி வெட்டிச் சலித்துப்போகிறான். பிறகு அவனுக்குத் தேரோட்டும் தம்பிமகன் இயோலாவ்ஸ் தீப்பந்தத்தோடு வந்து, வெட்டிய கழுத்தை உடனுக்குடன் சுட்டுவிடுகிறான். அதன் பிறகுதான் தலை முளைப்பது நிற்கிறது. நடுத் தலைக்குச் சாவே கிடையாது. அதை வெட்டிப் புதைத்து மேலே ஒரு பாறையை வைத்துவிடுகிறார்கள்.

பத்துப் பேர் என்றது இருபதானதாகத் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பாம்புதான் நினைவுக்கு வந்தது. வதந்தியை வாயால் மறுத்தால் இரண்டாகும். நான் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருந்தவன். 1955-இல் திறந்த காலம் முதல் செய்துவந்த பழைய வகைப் பெட்டியிலிருந்து எல்.எச்.பி. என்ற புதிய வகைக்கு மாறி, 2018 ஜனவரியோடு பழைய வகை அங்கே முற்றிலும் நின்றது. அந்த மாற்றம் ஒரே நாளில் வந்தது இல்லை. அதன் தொடக்கத்தில் நான் இருந்தேன். புதிய பெட்டியின் உடம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய தகட்டில் கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுத்தவர்கள், இதில் கொஞ்சம் சூடு கூடினாலும் தகடு அலையலையாக நெளிவதைப் பார்த்து நொந்துபோனார்கள். இருபத்தைந்து வருடம் கைத்தொழில் செய்தவனுக்குத் தன் கை பொய்த்துப்போகிறது என்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதற்கு மேல் வதந்தி: எல்லா வெல்டர்களையும் எடுத்துவிட்டு எந்திரத்தை வைக்கப் போகிறார்கள் என்று.

எங்கள் பிரிவில் ஒரு கரும்பலகை இருந்தது. யார் எந்த வதந்தியைக் கேட்டாலும், பெயர் போடாமல் அதில் எழுதலாம் என்று வைத்தோம். அதற்குக் கீழே மறுநாள் காலைக்குள் பதிலை நானே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துவிடுவேன். பதில் தெரியாவிட்டால், தெரியாது, எந்தத் தேதிக்குள் கேட்டுச் சொல்வேன் என்று எழுதுவேன். கையெழுத்துதான் தீப்பந்தம். வாய்வார்த்தைக்கு யாரும் பொறுப்பில்லை. பலகையில் பெயர் இருந்தால் என்னைப் பிடித்துக் கேட்கலாம். "நாளைக்கு நம் வேலை இருக்குமா" என்ற நடுத் தலை மட்டும் சாகவே இல்லை, உண்மைதான். அதன் மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்லவில்லை. ஹெர்குலிஸ் அந்தப் பாம்பைக் கொன்றுவிட்டு வந்தபோது, வேலை ஏவிய அரசன் யூரிஸ்தியஸ் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றுவிட்டான். காரணம், இன்னொருவன் உதவி செய்துவிட்டானாம். அதனாலும், கூலி பேசிச் செய்ததால் தள்ளப்பட்ட மாட்டுத்தொழுவ வேலையாலும்தான் பத்து வேலை பன்னிரண்டாயிற்று. நான் பார்த்த பல மேலதிகாரிகள் இந்த யூரிஸ்தியஸின் வம்சம். தம்பியின் யார்டிலும் தீப்பந்தம் பிடிக்கப் போகிறவர் யாரோ ஒருவர் இருப்பார். அவர் பெயரையும் அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள்.

பதில்: மணலி யார்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. தூங்கிவிடவில்லை.

மறுநாளே மேலாளரிடம் போய், "சார், இந்த மாற்றத்தில் ஆறு பேர் இருக்கிறார்களா?" என்று கேட்டேன். எதற்கு ஆறு என்று சிரித்தார். கதையைச் சொல்லவில்லை, கேள்வியை மாற்றிக் கேட்டேன். யாரும் இல்லை என்றார். அப்படியானால் அதை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், வாயிலில் ஒட்டிவிடுகிறேன் என்றேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: நிரந்தரப் பணியாளர் யாருக்கும் பாதிப்பு இல்லை, இரவு ஷிப்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு டாலி ஆட்களின் ஒப்பந்தம் மார்ச்சுக்குப் பிறகு புதுப்பிக்கப்படாது. ஆறு இல்லை, இரண்டு. அந்தப் பேனாவைக் கேட்காமல் இருந்திருந்தால் யாரும் இல்லை என்றே போய்ச் சொல்லியிருப்பேன்.

கொருக்குப்பேட்டை ஐயாவின் எச்சரிக்கையை மறக்கவில்லை. உத்தரவை மீறவில்லை; மூன்று நாள் மேலாளரின் அறைக்கு நடந்து, மாத முடிவுக்கு முன்பே சொல்ல அனுமதி வாங்கினேன். எடைமேடையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இருவரில் ஒருவரை அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கினேன். இன்னொருவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு பேரிடமும் முதலில் தனித்தனியாகச் சொன்னேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிப்டு மாறும்போது மற்ற எல்லோரையும் வாயிலில் கூட்டி, கையெழுத்துப் போட்ட தாளைப் படித்துக்காட்டி, ஒட்டினேன். கேள்விகள் வந்தன, வசவும் வந்தது. பிறகு பீரோவிலிருந்த பெட்டிகளை அப்படியே தூக்கிவந்து மேசைமேல் வைத்தேன். எங்களில் மூத்த டாலி கிளார்க், எனக்கு ரிஜிஸ்டர் எழுதக் கற்றுக்கொடுத்தவர், சீல் கட்டரை எடுத்துப் பெட்டியில் ஒட்டியிருந்த பட்டையை அறுத்தார்.

முதல் கன்டெய்னரிலேயே தகராறு. கதவில் துரு ஏறி எண் பாதி உரிந்திருந்தது. படம் பிடித்தால், எண் பொருந்தவில்லை என்று திரை சிவப்பாகிறது. இரண்டு முறை, மூன்று முறை. கருவி பழுது என்று இளைஞர்கள் சொல்லிவிட்டார்கள். பின்னால் ஒருவர் ரிஜிஸ்டரைத் திறந்தேவிட்டார். பெரியவர் கதவுக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "எட்டை மூன்று என்று படித்திருக்கிறது, கருவி சரியாகத்தான் இருக்கிறது" என்றார். நான்கு எழுத்து, ஆறு எண்ணுக்குப் பிறகு கட்டத்துக்குள் தனியாக ஓர் எண் இருக்கும், அது முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் போடும் எண், ஒன்று தவறினாலும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லோருக்கும் விளக்கினார். பிறகு கிளீனர் பையனிடம் ஒரு வேஸ்ட் துணி வாங்கித் துருவைத் துடைத்துவிட்டு, எண்ணை விரலால் தட்டினார். திரை பச்சையானது. இருபது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்த இதை, என்னையும் சேர்த்து, யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. ஆறில் ஒரு டேப் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. மற்ற ஐந்தை யார் பிடிப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். காசிமேட்டுச் சகோதரிக்கு இதைச் சொல்ல விரும்பினேன். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் பெரியவரின் பெயரை இரண்டாவது வரியில் எழுதினேன். ஒரு மாதம் ரிஜிஸ்டரும் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவர் கேட்டதற்கு நிர்வாகம் சம்மதித்திருக்கிறது.

இனி அந்த இரண்டு பேர். ஒருவர் எடைமேடைக்குச் சம்மதித்து எழுதிக்கொடுத்துவிட்டார். இன்னொருவருக்கு நான் சொன்னபோது, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கையில் இருந்த டீயை முழுதாகக் குடித்து முடித்தார், கிளாஸைக் கழுவுகிற இடத்தில் வைத்தார், என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு வழக்கம்போல வேலைக்கு வந்தார். என்னிடம் மட்டும் பேசுவதில்லை. தண்டையார்பேட்டையில் தெரிந்த ஓர் இடத்தில் அவருக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன்; அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.